ஊருக்கு ஓர் அருங்காட்சியகம்: தன்னார்வலர்கள் தொடங்கி நடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

ஊர் வரலாற்றுக்கென்று ஓர் அறையைக் கூட்டிப் பெருக்கித் தயார் செய்திருந்த நாள்களில், பாட்டி ஒருவர் அரிக்கேன் விளக்கு ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்து வந்து எங்கள் குழுவிடம் கொடுத்தார். அரை மணி நேரம் உட்கார்ந்து அந்த விளக்கின் கதையைச் சொன்னார். யார் வாங்கியது, எந்த இரவுகளில் யார் கையில் போனது, கண்ணாடி எப்போது உடைந்தது, எல்லாவற்றையும் சொன்னார். நாங்கள் ஐந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஆசையாகக் கேட்டோம். ஒருவரும் எழுதிக்கொள்ளவில்லை. இரண்டு ஆண்டுகளில் அவர் இறந்துவிட்டார். இப்போது கேட்டால், அது ரயில்வே கேட்டில் எரிந்த விளக்கு என்கிறார் எங்களில் ஒருவர். படகுத்துறையில் எரிந்தது என்கிறார் இன்னொருவர். விளக்கு பத்திரமாக அலமாரியில் இருக்கிறது. ஆனால் அது யாருடைய விளக்கு என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

பொருள்களைக் கெடுக்கும் காரணங்களைக் கனடாவின் மரபுப்பொருள் பாதுகாப்பு நிறுவனம் பத்தாகத் தொகுத்திருக்கிறது. அடிபடுதல், திருட்டு, தீ, நீர், பூச்சி, மாசு, ஒளி, தவறான வெப்பம், தவறான ஈரப்பதம் ஆகிய ஒன்பதும் யோசித்தால் யாருக்கும் தோன்றும். பத்தாவது, பொருளுக்கும் அதைப் பற்றிய தகவலுக்கும் இடையிலான தொடர்பு அறுந்துபோவது. சிறிய, சம்பளமில்லாத ஆட்கள் நடத்தும் இடங்களில் இந்தப் பத்தாவதுதான் அதிகம் அழிக்கிறது என்பது நான் கண்டது. அதனால் இந்த வழிகாட்டியில் கண்ணாடிப் பேழையைவிடப் பதிவேட்டுக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில் பேசி முடிக்க வேண்டியது

சர்வதேச அருங்காட்சியக மன்றம் 2022 ஆகஸ்டில் பிராக் நகரில் கூடி, அருங்காட்சியகம் என்றால் என்ன என்பதற்குப் புதிய வரையறையை ஏற்றது. லாப நோக்கமற்ற, நிரந்தரமான, சமூகத்துக்குப் பணி செய்யும் நிறுவனம். மரபை ஆராய்ந்து, சேகரித்து, பாதுகாத்து, விளக்கி, காட்சிக்கு வைப்பது. இதில் ‘நிரந்தரமான’ என்ற சொல்லைக் குழுவின் முதல் கூட்டத்திலேயே உரக்கப் படித்துவிடுங்கள். ஒரு குடும்பம் தன் தாத்தாவின் கருவிப்பெட்டியை உங்களிடம் தரும்போது, நீங்கள் இல்லாத காலத்திலும் அது பத்திரமாக இருக்கும் என்று நம்பித்தான் தருகிறது.

அந்த உறுதியைத் தர முடியாது என்று தோன்றினால் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஊர் முழுவதும் இருக்கும் பழைய புகைப்படங்களை வாங்கி, ஸ்கேன் செய்து, உரியவர்களிடமே திருப்பிக் கொடுக்கலாம். ஆண்டுக்கு ஒரு வாரம் பொருள்களை இரவல் வாங்கிக் கண்காட்சி நடத்தலாம். பொருள்கள் அவரவர் வீட்டிலேயே இருக்க, ஊரையே அருங்காட்சியகமாக நினைக்கும் முறையும் உண்டு. ‘எகோமியூசியம்’ என்று பிரான்சில் 1971இல் பெயர் சூட்டப்பட்ட முறை அது. அந்தச் சொல்லை உருவாக்கியவர் பிரெஞ்சு அருங்காட்சியக அறிஞர் உய்க் தெ வரீன். பாழடைந்த கட்டடத்தில் நூறு பொருள்களைக் குவித்து வைப்பதைவிட இவை எல்லாமே மேல்.

சரி, நிரந்தரமாகவே நடத்துவோம் என்று முடிவெடுத்துவிட்டால், அடுத்தது உங்கள் அருங்காட்சியகம் எதைப் பற்றியது என்று மூன்று வரியில் எழுதுவது. எந்த எல்லைக்குள், எந்தக் காலத்திலிருந்து, யாருடைய வாழ்க்கை? ‘எங்கள் ஊரின் வரலாறு’ என்று மட்டும் எழுதினால் போதாது. ஆறும் ஆற்றோடு வாழ்ந்தவர்களும், மூடப்பட்ட ஆலையும் அதில் உழைத்த குடும்பங்களும் என்பதுபோல ஊரைப் பிடித்து நிறுத்தும் ஓர் இழை வேண்டும். எழுதியபின் யார் விட்டுப்போயிருக்கிறார்கள் என்று பாருங்கள். நிலமில்லாமல் உழைத்தவர்கள், பெண்கள், வேறு ஊரிலிருந்து வந்து தங்கியவர்கள், இங்கிருந்து போனவர்கள். பெரிய வீடுகளில்தான் பழைய பொருள்கள் மிஞ்சியிருக்கும். கவனிக்காமல் விட்டால் உங்கள் அருங்காட்சியகம் பெரிய வீடுகளின் அருங்காட்சியகமாகவே வளரும்.

ஆட்களும் சட்ட வடிவமும்

ஐந்து முதல் ஏழு பேர் போதும். எல்லாரும் வரலாறு படித்தவர்களாக இருக்க வேண்டியதில்லை. பதிவேட்டைப் பொறுமையாக எழுதும் ஒருவர், கணக்கு வைக்கும் ஒருவர், தச்சு வேலையோ மின்வேலையோ தெரிந்த ஒருவர், ஊரில் எந்த வீட்டுக் கதவையும் தட்டக்கூடிய ஒருவர். முப்பது வயதுக்கு உட்பட்டவர் ஒருவராவது முதல் நாளிலிருந்தே பொறுப்போடு இருக்க வேண்டும். சும்மா உதவிக்கு என்று வைக்காதீர்கள்.

உங்கள் நாட்டின் சட்டப்படி சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ பதிவு செய்துகொள்ளுங்கள். பொருள்கள் தனி ஒருவர் பெயரில் இருந்தால், அவர் காலத்துக்குப் பின் வாரிசுச் சொத்தாகிவிடும். விதிமுறைகளில் பலர் மறக்கும் ஒரு பிரிவு உண்டு. அருங்காட்சியகத்தை மூட நேர்ந்தால் பொருள்கள் எங்கே போகும்? அருகிலுள்ள வேறொரு அருங்காட்சியகத்துக்கோ பொது ஆவணக் காப்பகத்துக்கோ போகும் என்று இப்போதே எழுதுங்கள். கட்டடம் யாருடையது, எத்தனை ஆண்டுக்கு, என்பதையும் வாய்ப்பேச்சில் விடாமல் எழுத்தில் வாங்குங்கள்.

எதை வாங்குவது, எதை மறுப்பது

வட இங்கிலாந்தில் பீமிஷ் என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தைத் தொடங்கிய ஃபிராங்க் அட்கின்சன், மக்கள் தரும் எதையும் தேர்ந்து பார்க்காமல் வாங்கிக்கொள்வது என்று வைத்திருந்தார். சாதாரண மக்களின் பொருள்கள் வேகமாக அழிந்துகொண்டிருந்த காலம் அது. அவர் செய்தது சரி. ஆனால் அந்தப் பொருள்களை வைக்க அவருக்கு ஒரு பழைய ராணுவ முகாமின் கொட்டகைகள் தேவைப்பட்டன. உங்களிடம் இருப்பது இரண்டு அறை. ஐந்தாவது தையல் இயந்திரம் வரும்போது அதை வைக்க இடம் இருக்காது. முதல் நாலையும் கவனிக்க ஆளும் இருக்காது.

அதனால் சேர்க்கைக் கொள்கை என்று ஒரு பக்கம் எழுதுங்கள். அதில் எனக்கு முக்கியமாகப் படும் கேள்வி ஒன்றுதான்: இந்தப் பொருளோடு ஒரு பெயரோ, இடமோ, நிகழ்ச்சியோ வருகிறதா? அழகான, ஆனால் எங்கிருந்து வந்தது என்றே தெரியாத பொருளைவிட, உடைந்த, ஆனால் யாருடையது என்று தெரிந்த பொருள் உங்கள் ஊருக்கு அதிகம் சொல்லும். ஸ்வீடனின் ஆர்தர் ஹசேலியஸ் 1872இல் டலார்னா வட்டாரத்தில் பயணம் செய்தபோது வாங்கிய ஒரு பாவாடையில்தான் அவருடைய சேகரிப்பு தொடங்கியது. எந்த வட்டாரத்து உடை என்று தெரிந்ததால்தான் அதற்கு அங்கே இடம். அவரே பின்னர் 1891இல் ஸ்டாக்ஹோமில் ஸ்கான்சன் திறந்தவெளி அருங்காட்சியகத்தைத் தொடங்கினார்.

மறுப்பது கஷ்டமான வேலை. தருபவரின் மனம் நோகாமல் இருக்க, கொள்கையைக் காட்டிச் சொல்லலாம்: ‘எங்களிடம் இதுபோல் இரண்டு இருக்கின்றன. இதைப் படம் எடுத்து, உங்கள் குடும்பத்தின் கதையையும் பதிவு செய்துகொள்கிறோம். பொருள் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.’ பெரும்பாலானவர்களுக்கு இது மகிழ்ச்சிதான். அவர்கள் எதிர்பார்ப்பது கதையை யாராவது கேட்க வேண்டும் என்பதே.

சிலவற்றைக் கேள்வியே இல்லாமல் மறுக்க வேண்டும். மண்ணில் கிடைத்த தொல்பொருள்களை முறைப்படி அரசுத் துறைக்குத் தெரிவிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான நாடுகளில் அவற்றுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. கலைப்பொருள்களின் சட்டவிரோத வணிகத்தைத் தடுக்க யுனெஸ்கோ 1970இல் கொண்டுவந்த உடன்படிக்கையும் உண்டு. எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தயங்குபவரிடமிருந்து எதையும் வாங்காதீர்கள். மனித எச்சங்களும், வழிபாட்டில் இருக்கும் பொருள்களும் அந்தச் சமூகத்தின் சம்மதம் இல்லாமல் உங்கள் அறைக்குள் வரக் கூடாது.

ஆபத்தானவற்றையும் தெரிந்து வைத்திருங்கள். பழைய வெடிபொருளைத் தொடாமல் காவல்துறைக்குச் சொல்ல வேண்டும். இருட்டில் ஒளிரும் எண்கள் கொண்ட பழைய கடிகாரங்களில் ரேடியம் இருக்கலாம். பாடம் செய்த பறவை விலங்குகளில் ஆர்சனிக், பழைய பாரோமீட்டர்களில் பாதரசம், வெப்பம் தாங்கும் பழைய பொருள்களில் கல்நார் இருக்கலாம். 1950களின் தொடக்கம் வரை பயன்பட்ட நைட்ரேட் படச்சுருள் எளிதில் தீப்பற்றும். தீப்பற்றினால் அணைப்பதும் கடினம். பழைய நெகட்டிவ் பெட்டி வந்தால், திறந்து குடையும் முன் விவரம் தெரிந்தவர் ஒருவரிடம் காட்டுங்கள்.

கையெழுத்து

பொருள் உள்ளே வரும் அன்றே நன்கொடைப் படிவத்தில் கையெழுத்து வாங்குங்கள். தருபவர் பெயர், முகவரி, பொருளின் விவரம், ‘இதன் உரிமையை முழுமையாக, நிபந்தனையின்றித் தருகிறேன், தர எனக்கு உரிமை உண்டு’ என்ற வரி, தேதி, இரு தரப்புக் கையெழுத்து. இரண்டு படி எடுத்து ஒன்றை அவரிடம் கொடுங்கள். ‘எப்போதும் காட்சியிலேயே இருக்க வேண்டும்’ போன்ற நிபந்தனைகளை ஏற்காதீர்கள்; காப்பாற்ற முடியாது. புகைப்படங்களுக்கும் கடிதங்களுக்கும் இன்னொரு வரி சேர்க்க வேண்டும். தாளைக் கொடுத்துவிட்டதால் காப்புரிமையும் வந்துவிட்டதாகாது. அச்சிடவும் இணையத்தில் வெளியிடவும் தனியாக அனுமதி கேளுங்கள்.

இரவல் என்றால் இரவல் படிவம். அதில் திருப்பித் தரும் தேதி கட்டாயம். ‘நிரந்தர இரவல்’ என்று ஒன்று கிடையாது. தேதியில்லாத இரவல் பொருள் ஒன்றுக்காக ஒரு குடும்பத்தின் மூன்று கிளைகளுக்கு நடுவில் நாங்கள் மாட்டிக்கொண்டு தவித்ததை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. அவர்கள் மூவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எங்களிடம்தான் தாள் இல்லை.

பதிவேடு

கட்டுப் போட்ட, பக்கங்கள் தைக்கப்பட்ட ஒரு கணக்குப் புத்தகம் வாங்குங்கள். தாள் தரமானதாக இருக்கட்டும். எழுத நிறமிமை (நிறமித் துகள் கலந்த மை) கொண்ட, நீர் பட்டாலும் கரையாத பேனா. கணினி இருக்கும்போது எதற்கு என்று கேட்பார்கள். கணினிக் கோப்பில் ஒரு வரியை யாரும் சத்தமில்லாமல் நீக்கிவிடலாம். தைத்த புத்தகத்தில் முடியாது. புத்தகம் மூலம், கணினி அதன் படி.

எண் கொடுக்கும் முறை எளிது. 2025.14.3 என்றால், 2025ஆம் ஆண்டில் வந்த பதினாலாவது நன்கொடையின் மூன்றாவது பொருள். பொருள் வகை, அறை, அலமாரி என்று எதையும் எண்ணுக்குள் திணிக்காதீர்கள். அலமாரி மாறும், வகை பற்றிய எண்ணமும் மாறும். எண் மாறக் கூடாது. ஒரு முறை கொடுத்த எண்ணை, அந்தப் பொருள் போன பின்பும், வேறு எதற்கும் கொடுக்காதீர்கள்.

ஒவ்வொரு பொருளுக்கும் என்ன எழுதுவது என்பதற்கு ‘ஆப்ஜெக்ட் ஐடி’ என்ற சர்வதேச அளவுகோல் நல்ல தொடக்கம். திருட்டுப்போன பொருளை அடையாளம் காண்பதற்காக கெட்டி அறக்கட்டளை 1993இல் தொடங்கி, 1997இல் வெளியிட்டது அது. என்ன வகைப் பொருள், எதனால் எப்படிச் செய்தது, அளவுகள், மேலே உள்ள எழுத்தும் முத்திரையும், தனி அடையாளங்கள், தலைப்பு இருந்தால் தலைப்பு, எதைக் காட்டுகிறது, காலம், செய்தவர், இவற்றோடு படங்கள். ‘தனி அடையாளங்கள்’ என்ற இடத்தில் சோம்பல் படாதீர்கள். இடது கைப்பிடியில் மூன்று சென்டிமீட்டர் விரிசல், அடியில் ஈயத்தால் அடைத்த ஓட்டை: இவைதான் ஆயிரம் பாத்திரங்களில் இந்த ஒன்றைக் காட்டிக்கொடுப்பவை. அந்த ஓட்டையை அடைத்தது யார் என்ற கேள்வியும் அங்கிருந்துதான் பிறக்கும்.

அதன்பின் நமக்கு வேண்டிய பகுதி: யார் பயன்படுத்தினார், எங்கே, எதற்கு, எப்போது நிறுத்தினார், ஏன். தருபவர் எதிரில் இருக்கும்போதே எழுதுங்கள். அவருக்குத் தெரிந்ததையும், அவர் ஊகிப்பதையும், நீங்கள் ஊகிப்பதையும் மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். ‘1930களில் வாங்கியது’ என்று ஒரு வரி இருந்தால், அதைச் சொன்னது யார் என்று அதே வரியில் இருக்க வேண்டும். முப்பது ஆண்டு கழித்துப் படிப்பவருக்கு அந்த ஒரு பெயர் பெரிய உதவி.

எண்ணைப் பொருளின் மேல் எழுதும் முறை பொருளுக்குப் பொருள் மாறும். உலோகம், சுட்ட மண், கண்ணாடி போன்றவற்றில் கண்ணில் படாத ஓர் இடத்தில் பாராலாய்டு பி-72 என்ற ரெசினை அசிட்டோனில் கரைத்து ஒரு பூச்சுத் தடவி, காய்ந்தபின் அதன் மேல் நிறமிமையால் எழுதி, இன்னொரு பூச்சுக் கொடுக்கலாம். தேவைப்பட்டால் அசிட்டோனால் துடைத்து நீக்கிவிடலாம். துணியில் எழுதவே கூடாது. பருத்தி நாடாவில் எண்ணை எழுதி, நாலு தளர்வான தையல் போட்டுக் கோத்துவிடுங்கள். தாளிலும் புகைப்படத்தின் பின்புறத்திலும் மென்மையான 2பி பென்சிலால், அழுத்தாமல், ஓரமாக எழுதுங்கள். பந்துமுனைப் பேனா, ஒட்டும் ஸ்டிக்கர், செல்லோடேப், ரப்பர் பேண்டு, குண்டூசி ஆகியவற்றை அந்த அறைக்குள்ளேயே விடாதீர்கள்.

கணினிப் படிக்கு ஒரு விரிதாள் போதும். பொருள்கள் பெருகி, பலர் பார்க்க வேண்டும் என்ற நிலை வந்தால் கலெக்டிவ்அக்சஸ், ஒமேக்கா போன்ற இலவச, திறந்த மூல மென்பொருள்கள் இருக்கின்றன. எதுவானாலும் மூன்று படி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு கட்டடத்தில் என்ற பழக்கத்தை விடாதீர்கள். பதிவேட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் மாதம் ஒரு முறை படம் எடுத்து வைப்பது பத்து நிமிட வேலை.

கதை கேட்பது

அவசரமான வேலை இதுதான். பொருள் இன்னும் பத்து ஆண்டு காத்திருக்கும், எண்பது வயதுக்காரர் காத்திருக்க மாட்டார். கட்டடம் கிடைக்கும்வரை காத்திருக்காமல் நாளைக்கே தொடங்கலாம்.

நல்ல கைப்பேசியே போதும், தனி மைக் இருந்தால் இன்னும் நல்லது. மின்விசிறியை நிறுத்துங்கள், கைப்பேசியை விமானப் பயன்முறையில் போடுங்கள். முடிந்தால் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் வேவ் கோப்பாகப் பதியுங்கள். தொடக்கத்திலேயே தேதி, இடம், பேசுபவர், கேட்பவர் பெயர்களைச் சொல்லிவிடுங்கள். ‘அந்தக் காலம் எப்படி இருந்தது?’ என்று கேட்டால் ‘நல்லா இருந்தது’ என்று முடிந்துவிடும். ஒரு பொருளையோ பழைய படத்தையோ கையில் கொடுத்து, ‘இதை எப்படிப் பிடிப்பீர்கள்?’ என்று கேளுங்கள். கை நினைவுகொள்ளும், பேச்சு தானாக வரும். அவர் நிறுத்தினால் உடனே அடுத்த கேள்விக்குப் போகாதீர்கள். அந்த மௌனத்துக்குப் பின் வருவதுதான் பல முறை நாங்கள் தேடிக்கொண்டிருந்த செய்தியாக இருந்திருக்கிறது.

பேசி முடித்தபின் எதை வெளியிடலாம், எதை எத்தனை ஆண்டு மூடி வைக்க வேண்டும் என்று கேட்டு எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் உறவு. பழைய சண்டை ஒன்றின் விவரம் இன்றும் ஒருவரைப் புண்படுத்தலாம். ஒரு மணி நேரப் பதிவை முழுதாக எழுத ஆறேழு மணி நேரம் போய்விடும். அதனால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு வரி என்று பொருளடக்கம் மட்டும் முதலில் எழுதுங்கள். ஒரே நிகழ்ச்சியை இருவர் இரு விதமாகச் சொன்னால் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். எது சரி என்று தீர்ப்புச் சொல்வது உங்கள் வேலையில்லை.

அப்புறம், புகைப்படங்கள். சிறிய அச்சுப் படங்களை 600 பிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) அளவில், டிஃப் கோப்பாக ஸ்கேன் செய்யுங்கள். பின்புறத்தில் ஏதாவது எழுதியிருந்தால் அதையும். ஒவ்வொரு படத்தின் நகலிலும் முகங்களுக்கு எண் போட்டு, பெரியவர்களிடம் காட்டிப் பெயர் எழுதுங்கள். ஓர் இடத்தில் நாலைந்து பேரை உட்காரவைத்து இதைச் செய்தால், ஒருவர் மறந்ததை இன்னொருவர் எடுத்துக்கொடுப்பார்.

கட்டடத்துக்குள் பொருளைக் காப்பது

மழைக்காலத்தில் ஒரு முறை உள்ளே நின்று கூரையைப் பாருங்கள். ஒழுகும் கூரையின் கீழ் வேறு எந்தப் பாதுகாப்பும் பயனில்லை. பொருளைத் தரையிலோ வெளிச்சுவரில் ஒட்டியோ வைக்காதீர்கள்.

ஈரப்பதமானி ஒன்று வாங்கி, தினமும் ஒரே நேரத்தில் குறித்து வையுங்கள். ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் பூஞ்சை பிடிக்கும், இரும்பு துருப்பிடிக்கும். 40 முதல் 60 வரை இருந்தால் பெரும்பாலான பொருள்களுக்கு நல்லது. எண்ணைவிட முக்கியம், அது ஒரே நாளில் தாறுமாறாக ஏறி இறங்காமல் இருப்பது. மரம் வெடிப்பது அதனால்தான். பகலில் குளிர்சாதனத்தை ஓடவிட்டு இரவில் நிறுத்துவதைவிட, காற்றோட்டத்தைச் சீர்செய்து சும்மா விடுவது மேல். இரும்புச் சாமான்களை மூடிய பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வைக்கலாம்.

ஒளி செய்த சேதம் திரும்பாது. விளக்கை அணைத்தால் சேதம் நிற்கும், வெளுத்த நிறம் மீளாது. துணி, தாள், புகைப்படம், நீர்வண்ண ஓவியம் ஆகியவற்றுக்கு 50 லக்ஸ் (பொருளின் மேல் விழும் ஒளியின் அளவு) போதும். கண் பழகியபின் அது இருட்டாகத் தெரியாது. ஜன்னலுக்குத் திரை போடுங்கள், சில மாதங்களுக்கு ஒரு முறை காட்சிப் பொருளை மாற்றுங்கள். புகைப்படங்களுக்கு நல்ல நகலைச் சுவரில் வைத்துவிட்டு மூலத்தைப் பெட்டிக்குள் வையுங்கள்.

பூச்சிகளுக்கு மருந்தடிக்கும் முன், ஒட்டுப்பொறிகளைச் சுவரோரமாக வைத்து எது, எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். புதிதாக வரும் பொருளை மற்றவற்றோடு சேர்க்காமல் சில வாரம் தனியே வைத்துப் பாருங்கள். அடியில் மாவுபோல் தூள் கொட்டினால் உள்ளே புழு இருக்கிறது. துணியையும் சிறிய மரச்சாமான்களையும் பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் ஒன்றிரண்டு வாரம் உறைபெட்டியில் வைத்தால் பூச்சியும் முட்டையும் சாகும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள். ஒரு நாள் அப்படியே இருந்து அறை வெப்பத்துக்கு வரட்டும். வண்ணம் தீட்டிய மரம், எண்ணெய் ஓவியம், கண்ணாடி நெகட்டிவ் ஆகியவற்றுக்கு இந்த முறை ஆகாது.

சுத்தம் செய்ய ஆசை வரும். பித்தளையைப் பளபளவென்று தேய்க்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உலோகம் போகிறது, மேலே செதுக்கிய பெயரும் போகிறது. மரத்துக்கு வார்னிஷ், இரும்புக்குச் சமையல் எண்ணெய், கிழிந்த தாளுக்கு ஒட்டுநாடா: மூன்றும் வேண்டாம். மென்மையான தூரிகையால் தூசி தட்டினால் போதும். கை பட்டுத் தேய்ந்த பிடி, வியர்வை ஏறிய பட்டை, கரி படிந்த அடி ஆகியவையும் சான்றுகள்தான்.

தாள்களுக்கு அமிலமற்ற உறையும் பெட்டியும் வாங்குங்கள். பழைய செய்தித்தாளில் சுற்றினால் அதன் அமிலம் உள்ளே இறங்கும். பிளாஸ்டிக் உறை என்றால் பாலியெஸ்டர், பாலிப்ரொப்பிலீன், பாலித்தீன் சரி, பிவிசி கூடாது. தாள் நனைந்துவிட்டால் 48 மணி நேரத்துக்குள் காற்றில் உலர்த்துங்கள், முடியாவிட்டால் உறையவையுங்கள். அதற்கு மேல் போனால் பூஞ்சை தொடங்கிவிடும்.

சேமிப்பறை

பண்பாட்டுப் பொருள்களின் பாதுகாப்புக்கான பன்னாட்டு அமைப்பான இக்ரோமும் யுனெஸ்கோவும் சிறிய அருங்காட்சியகங்களுக்காக ‘ரீ-ஆர்க்’ என்ற சேமிப்பறைச் சீரமைப்பு முறையை உருவாக்கியிருக்கின்றன. அதன் அளவுகோல்களில் சில எனக்கு மிகவும் பிடித்தவை. எந்தப் பொருளும் தரையில் இருக்கக் கூடாது. எந்தப் பொருளையும் மூன்று நிமிடத்துக்குள் கண்டுபிடிக்க முடிய வேண்டும். அதை எடுக்க வேறு இரண்டு பொருள்களுக்கு மேல் நகர்த்த நேரக் கூடாது. சேமிப்பறையில் சேகரிப்பைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது. விழாவுக்கு வாங்கிய நாற்காலியும் பெயின்ட் டப்பாவும் அங்கேதான் வந்து சேரும் என்பதால், கடைசி விதியைக் கதவிலேயே எழுதி ஒட்டுங்கள்.

காட்சி

இருப்பதில் பத்தில் ஒன்றை வைத்தால் போதும். நெருக்கி வைத்தால் பார்ப்பவர் கண் எதிலும் நிற்காது.

குறிப்பட்டையில் ஐம்பது சொல், அதற்கு மேல் வேண்டாம். எழுத்து 18 புள்ளிக்குக் குறையாமல், வெள்ளையில் கறுப்பு. ‘தையல் இயந்திரம். இரும்பு, மரம்’ என்று எழுதினால் கண்ணுக்குத் தெரிவதையே திரும்பச் சொல்கிறோம். இப்படி எழுதிப் பாருங்கள்: ‘மிதிகட்டையின் இடப்பக்கம் தேய்ந்திருப்பதைப் பாருங்கள். வலக்காலில் அடிபட்டபின் இதன் உரிமையாளர் இடக்காலாலேயே மிதித்துத் தைத்தார். ஊர்ப் பள்ளியில் படித்த பலரின் முதல் சீருடை இதில் தைத்ததுதான்.’ பார்ப்பவர் குனிந்து மிதிகட்டையைப் பார்ப்பார். பதிவேட்டில் எழுதாமல் விட்டிருந்தால் இந்த மூன்று வரியும் கிடைத்திருக்காது.

சக்கர நாற்காலியில் வருபவரும் குழந்தைகளும் பார்க்கும் உயரத்தில் பேழையை வையுங்கள். தொட்டுப் பார்க்க என்று பதிவேட்டில் ஏறாத சில பொருள்களைத் தனியே ஒரு மேசையில் போடலாம். ஒலிப்பதிவுகளிலிருந்து இரண்டு நிமிடத் துண்டுகளை எடுத்து, பொருளுக்கு அருகில் கேட்கும்படி வைத்தால், ஊர்க்காரர்கள் செத்துப்போன தங்கள் உறவினரின் குரலைக் கேட்கவே திரும்ப வருவார்கள்.

திறந்தபின்

வாரத்தில் ஒரு நாள் மூன்று மணி நேரம் என்றாலும் பரவாயில்லை, சொன்ன நேரத்தில் கதவு திறந்திருக்க வேண்டும். மற்ற நாள்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு வரும் ஏற்பாடு. ஒரு முறைக்கு இருவர் இருக்கட்டும். ஒருவர் மட்டும் இருந்தால் பாதுகாப்பில்லை, சலிப்பும் வரும். பள்ளிக் குழந்தைகள் வந்தால் சுற்றிக் காட்டிப் பேசுவதைவிட, ஆளுக்கொரு பொருளைக் கொடுத்து ‘இது என்ன, வீட்டில் யாரிடம் கேட்டால் தெரியும்?’ என்று அனுப்புங்கள். அடுத்த வாரம் தாத்தா பாட்டியோடு வருவார்கள். 1977 முதல் மே 18 சர்வதேச அருங்காட்சியக நாள். ஆண்டுக் கண்காட்சிக்குப் பொருத்தமான தேதி.

பணத்துக்கு உண்டியல், உறுப்பினர் சந்தா, பழைய படங்களின் அஞ்சலட்டை விற்பனை. வரவு செலவைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். சேகரிப்பிலுள்ள எதையும் செலவுக்காக விற்காதீர்கள். ஒரு பொருளை நீக்கித்தான் ஆக வேண்டும் என்றால் குழு கூடி, காரணத்தை எழுதி, தந்த குடும்பத்துக்குச் சொல்லி, முதலில் வேறொரு அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கப் பாருங்கள். குழுவைச் சேர்ந்தவர் யாரும் அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆண்டுக்கு ஒரு நாள்

ஆண்டுக்கு ஒரு நாள் கதவைச் சாத்திவிட்டுக் கணக்கெடுங்கள். பதிவேட்டைக் கண்ட இடத்தில் திறந்து இருபது எண்களைக் குறித்துக்கொண்டு அந்தப் பொருள்களைத் தேடுங்கள். பிறகு அலமாரியிலிருந்து இருபது பொருள்களை எடுத்துப் பதிவேட்டில் தேடுங்கள். காணாமல்போனது, எண் அழிந்தது, கதை எழுதாமல் விட்டது எல்லாம் அன்று தெரிந்துவிடும். கதை இல்லாதவற்றுக்குத் தனிப் பட்டியல் போட்டு, யாரிடம் கேட்கலாம் என்று பக்கத்தில் ஒரு பெயர் எழுதுங்கள். அந்தப் பெயர்களில் வயதானவர் வீட்டுக்கு அந்த வாரமே போங்கள்.

இந்த வேலையைக் குழுவில் புதிதாகச் சேர்ந்தவரிடம் கொடுங்கள். பழையவர்கள் பக்கத்தில் நிற்கலாம், வாயைத் திறக்கக் கூடாது. எழுதியதை மட்டும் வைத்து அவரால் இருபதையும் கண்டுபிடிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாத ஒவ்வொன்றுக்கும் அன்று மாலைக்குள் பதிவேட்டில் விடுபட்ட வரியை எழுதி, கீழே தேதியிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.